அப்பா திரும்பவும் தேத்தண்ணிக் கடைக்குப் போகலாமா?

கொக்குவில் மகன்
2021 ஒக்டோபர் 16, காலை 6.50

கொவிட் ஊரடங்கு எடுத்து இரண்டு கிழமை ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அதுதான் இங்கே கேட்கிறேன். அப்பாவுக்கு 74 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. அம்மாவுக்கு முட்டு வருத்தம், மாரி தொடங்கினால் பம்ப் தலைமாட்டில் இல்லாமல் படுக்க மாட்டா. மகளுக்கு எட்டு வயது, அவளுடைய வயதுக்கு இன்னும் ஊசியே இல்லை.

அப்பா கே.கே.எஸ் வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் காலை ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்புகிறவர். நான் பிறக்க முதலே அப்படித்தான். 95 இடப்பெயர்வில் கொடிகாமத்தில் இருந்த அந்த ஆறு மாதம்தான் அவர் அந்தக் கடையைக் காணாமல் இருந்த நீண்ட காலம் என்று அம்மா சொல்லுவா. 2020 மார்ச்சில் இருந்து கணக்குப் பார்த்தால் இது அதைவிட நீண்டுவிட்டது. திறந்தார்கள், மூடினார்கள், மே 21 இல் பயணத்தடை, பிறகு ஓகஸ்ட் 20 இலிருந்து இந்த ஒக்டோபர் முதலாம் திகதி விடிய நாலு மணி வரை ஊரடங்கு. இடையில் கடை திறந்த நாட்களிலும் நாங்கள் விடவில்லை.

இப்போதும் அவர் ஐந்தரைக்கு எழும்பிக் குளித்து, வேட்டி கட்டி, சேட் போட்டு, படலையடியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். என் மனிசி தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பா. பாதியில் வைத்துவிடுவார். குறை ஒன்றும் சொல்ல மாட்டார். எட்டு மணியானதும் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து படுத்துவிடுவார். இதைத் தினமும் பார்க்க எனக்கு நெஞ்சு தாங்கவில்லை.

கடை எப்படி என்றால், உள்ளே ஆறு மேசை, முன்னுக்கு ஒரு கதவு, பின்னுக்குக் குசினி, யன்னல் கிடையாது. வெளியில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் ஒரு வாங்கு. அப்பாவும் கூட்டாளிகளும் இருப்பது உள்ளே, சுவரோரம், ஏனென்றால் உதயன் பேப்பர் அங்கேதான் கிடக்கும், ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்பார்கள். மே கடைசியில் யாழ்ப்பாணத்துக்குச் சைனோஃபாம் வந்த உடனேயே முதல் ஊசி போட்டார், இரண்டாவதும் முடிந்தது. விடலாமா, விடக்கூடாதா?

வடமராட்சிக் காற்று
ஒக்டோபர் 16, காலை 7.35

அண்ணை, ஐயாவைப் போக விடுங்கள். நான் நெல்லியடியில் இருந்து ஒவ்வொரு நாளும் 750 பஸ்ஸில் யாழ்ப்பாணம் வேலைக்கு வருகிறேன், மிதிபலகையில் காலை வைக்க இடமில்லை, பக்கத்தில் நிற்பவரின் மாஸ்க் நாடிக்குக் கீழே கிடக்கிறது. சந்தையில் அப்படி, வங்கியில் அப்படி. செப்டெம்பர் 17 இல் ஊரடங்குக்குள்ளேயே சாராயக் கடையைத் திறந்து வீதி நீளத்துக்கு ஆட்களை முண்டியடிக்க விட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு வயதானவர் ஒரு தேத்தண்ணி குடிப்பதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? உங்கள் ஐயாவுக்கு இன்னும் எத்தனை காலை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், அதைப் படலையடியில் கழிக்க விடாதீர்கள்.

இரவுக்கடமை
ஒக்டோபர் 16, முற்பகல் 11.10

நான் தாதி. ஓகஸ்ட், செப்டெம்பர் இரண்டு மாதமும் கொவிட் வார்ட்டில்தான் நின்றேன். ஓகஸ்ட் கடைசியில் நாடு முழுவதும் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்ததாக அறிவித்தார்களே, அந்த நாட்களில் கட்டிலுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அதனால் நான் பயப்படுத்துகிற மாதிரித் தெரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் தம்பி வடமராட்சி சொல்வதை அப்படியே விடவும் முடியாது. பஸ்ஸில் ஆபத்து இருக்கிறது என்பதற்காகக் கடையில் ஆபத்து குறைந்துவிடாது, இரண்டும் கூடித்தான் போகும்.

ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இந்தக் கிருமி மேசையைத் துடைப்பதாலோ வாசலில் கை கழுவுவதாலோ மட்டும் நிற்பதில்லை, மூச்சோடு காற்றில் மிதக்கிறது. மூடிய இடத்தில் காற்றால் பரவும் என்று உலக சுகாதார நிறுவனமே இந்த வருடம் ஏப்ரல் கடைசியில்தான் தெளிவாக எழுதியது. ஒரு மூடிய அறையில் ஒருவர் சுருட்டுப் பற்றவைத்தால் எப்படி இருக்கும்? மூன்றடி தள்ளி இருந்தாலும் மணக்கும், அவர் எழும்பிப் போன பிறகும் மணக்கும். வேப்பமரத்தடியில் பற்றவைத்தால் ஒரு சுழலில் போய்விடும். மூச்சையும் அப்படித்தான் நினைக்க வேண்டும். கதைக்கும்போதும் சிரிக்கும்போதும் பேப்பரைச் சத்தமாக வாசிக்கும்போதும் இன்னும் அதிகமாக வெளியே வருகிறது.

2020 ஜனவரி 24 இல் சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டன. ஒரு குடும்பம் வூகானில் இருந்து வந்தது. யன்னல் இல்லை, ஏசி அந்த மூன்று மேசைக்கும் மேலாகக் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் மூன்று குடும்பத்திலுமாக 10 பேருக்கு நோய். வேலை செய்தவர்களுக்கோ தள்ளியிருந்த மேசைக்காரருக்கோ வரவில்லை. தென்கொரியாவில் ஜியோன்ஜு என்ற ஊரில் ஆறரை மீற்றர் தள்ளி இருந்த ஒருவருக்கு ஐந்தே நிமிடத்தில் தொற்றியிருக்கிறது, அங்கேயும் காற்று அடித்த திசைதான் காரணம். உங்கள் அப்பாவின் கடையில் ஏசி இல்லை, ஆனால் யன்னலும் இல்லை என்கிறீர்கள், உள்ளே மின்விசிறி ஓடினால் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஊசியைப் பற்றி. சைனோஃபாம் பெரிய ஆய்வில் அறிகுறியுள்ள நோயை 79 வீதம் தடுத்தது, ஆனால் அந்த ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இந்தக் கிழமை, 11 ஆம் திகதி, சைனோஃபாமும் சைனோவாக்கும் போட்ட 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றாவது ஊசி கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. இரண்டு போட்டாயிற்று என்ற தைரியத்தில் சுவரோரம் போய் இருக்க விடாதீர்கள்.

கொக்குவில் மகன்
ஒக்டோபர் 16, பிற்பகல் 1.20

நன்றி அக்கா. சுருட்டுக் கதை அப்பாவுக்கு உடனே விளங்கும். நான் இதுவரைக்கும் அவருக்குச் சொன்னதெல்லாம் "போகக் கூடாது" என்ற ஒரு வசனம்தான்.

கடைக்காரர் மகள்
ஒக்டோபர் 16, இரவு 8.45

நாங்கள் திருநெல்வேலியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறோம். எல்லோரும் வருகிறவர்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். ஆற்றிக் கொடுக்கிறவர் காலை நாலரையில் இருந்து மத்தியானம் வரை அந்தக் காற்றுக்குள்தான் நிற்கிறார். என் அப்பாவுக்கு 61. வருகிறவர் குடிக்கும்போது மாஸ்க்கைக் கழற்றத்தான் வேண்டும், அது பிழையில்லை, ஆனால் குடித்து முடித்து அரை மணித்தியாலம் மாஸ்க் இல்லாமல் முகத்துக்கு நேரே நின்று கதைக்கிறார்கள், அப்பா முகம் முறிந்து ஒன்றும் சொல்ல மாட்டார், இருபது வருடப் பழக்கம்.

திறக்காமலும் இருக்க முடியாது. இந்த மாதம் கட்டுப்பாட்டு விலையை எடுத்தவுடன் பால்மா கிலோ 945 ரூபாயில் இருந்து 1195. காஸ் சிலிண்டர் 1493 ஆக இருந்தது 2675. பால்மா கிடைக்காமல் பிளேன் ரீ மட்டும் போட்ட நாட்களும் உண்டு. வடைக்குப் பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏறிவிட்டது. இந்த நிலையில் பழைய ஆட்கள் வராவிட்டால் கடை நிற்காது, வந்தால் அப்பாவை நினைத்து எனக்கு நித்திரை இல்லை. நாங்கள் செய்தது என்னவென்றால், உள்ளே இருந்த வாங்குகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டோம். உள்ளே இருப்பதே இல்லை. கண்ணாடிக் கிளாசைக் கொதிதண்ணியில் போட்டு எடுக்கிறோம், தங்கள் சொந்தக் குவளை கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் நாள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள்.

ஓய்வூதியர்
ஒக்டோபர் 17, காலை 5.55

எனக்கு 71. தம்பி கொக்குவில், கோபிக்காதீர், உம்முடைய ஐயாவிடம் கேட்டீரா? "விடலாமா விடக்கூடாதா" என்று எழுதியிருக்கிறீர். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதற்குக் கேட்கிற கேள்வி அது. நாங்கள் இந்திய இராணுவக் காலத்து ஊரடங்கு பார்த்தவர்கள், 90 க்குப் பிறகு கரண்ட் இல்லாமல் வருடக் கணக்காக இருந்தவர்கள். எங்களுக்கு ஆபத்தை எடைபோடத் தெரியும். விபரத்தைச் சொல்லுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள்.

தேத்தண்ணிக் கடையில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று இளம் ஆட்களுக்குத் தெரிவதில்லை. பென்சன் எடுத்த பிறகு வீட்டில் எவரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை, அன்பாகப் பார்க்கிறார்கள், சாப்பாடு தருகிறார்கள், ஆனால் கேட்பதில்லை. அங்கே போனால் "மாஸ்டர், இந்தக் காணி உறுதியை ஒருக்கா வாசித்துச் சொல்லுங்கள்" என்று ஒருவர் வருவார். அந்த ஒரு கேள்விக்காக ஒரு மைல் சைக்கிள் ஓடுவேன். ஊரடங்கில் மூன்று பேரின் செத்தவீட்டுக்கு எங்களால் போக முடியவில்லை. முகம் பார்க்கவில்லை, தோள் கொடுக்கவில்லை, எட்டுச் செலவுக்கும் ஆள் இல்லை. அவர்களைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு வேறு எந்த இடம் இருக்கிறது?

இரவுக்கடமை
ஒக்டோபர் 17, காலை 9.20

ஐயா, நீங்கள் சொல்வது சரி, அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், இது அவர் ஒருவருடைய உயிர் மட்டும் இல்லை. முட்டுக்கார மனிசியும் எட்டு வயதுப் பேத்தியும் அதே வீட்டில் இருக்கிறார்கள். வார்ட்டில் நான் கேட்ட வார்த்தைகளிலேயே மறக்க முடியாதது மூச்சுத் திணறல் பற்றியது இல்லை. "நான்தான் கொண்டு வந்து கொடுத்தேன்" என்று ஒரு தகப்பன் சொன்னது. அதையும் எடையில் வைத்துப் பாருங்கள்.

ஓய்வூதியர்
ஒக்டோபர் 17, காலை 9.50

வைக்கிறேன் பிள்ளை. அது பாரமான கல்தான்.

பனங்கூடல்
ஒக்டோபர் 17, பிற்பகல் 4.15

சங்கானைப் பக்கம் நான். தேத்தண்ணிக் கடையை மட்டும் கதைக்கிறோம், கள்ளுத் தவறணையை ஒருவரும் சொல்லவில்லை, அதுவும் ஆட்கள் கூடுகிற இடம்தானே. என் பெரியப்பா சீவல் தொழிலாளி. சாராயத்தைப் போல கள்ளை இறாக்கையில் அடுக்கி வைக்க முடியாது, காலையில் இறக்கினது பின்னேரம் புளித்துவிடும். விற்க வழியில்லை என்பதற்காக மரத்தில் ஏறாமலும் இருக்க முடியாது, பாளையைச் சீவாமல் விட்டால் வற்றிப்போகும், பிறகு அந்த மரத்தில் அந்தப் பருவத்துக்கு வருமானம் இல்லை. அதனால் பயணத்தடை நாட்களில் ஏறி இறக்கி வேலியோரம் ஊற்றினார். பனங்கள்ளுப் பருவத்தின் கடைசி நல்ல மாதங்கள் அப்படியே போயின. ஒரு நாள் நானே பக்கத்தில் நின்றேன், முட்டியைச் சரித்துவிட்டு மண் அதை உறிஞ்சி முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் இடம் என்று பார்த்தால் பழைய தவறணை நல்ல இடம். கிடுகுக் கொட்டில், நாலு பக்கமும் திறந்தது, பனைகளுக்கு நடுவில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். பனையோலைப் பிளாவில் குடித்தால் ஆளுக்கொரு பிளா, குடித்துவிட்டு எறிகிறது. இப்போது பல இடங்களில் பிளாவும் இல்லை, ஒரே பிளாஸ்ரிக் கோப்பையை நனைத்து நனைத்துக் கொடுக்கிறார்கள், சீமெந்துக் கட்டிடமும் கட்டிவிட்டார்கள். எங்கள் பெரியவர்கள் வைத்திருந்த மாதிரி அப்படியே வைத்திருந்தால் சுகாதாரப் பகுதி சொல்லித் தர ஒன்றும் இருந்திருக்காது. நான் போகிறேன், கொட்டில் உள்ள இடத்துக்கு மட்டும், போத்தல் முடிந்ததும் எழும்பி வந்துவிடுவேன். வெறி ஏறினால் இடைவெளி எல்லாம் மறந்துவிடும், தோளில் கை போடாமல் கதைக்க வராது.

ஹரோ மருமகன்
ஒக்டோபர் 17, இரவு 11.30

நான் கொக்குவிலில் பிறந்தவன், லண்டனில் 20 வருடம். இங்கே பப் விசயத்தில் நடந்ததைச் சொல்கிறேன், உதவுமோ தெரியாது. போன வருடம் யூலை 4 இல் திறந்தார்கள், ஓகஸ்டில் அரசாங்கமே பாதிக் காசு தந்து வெளியில் போய்ச் சாப்பிடச் சொன்னது, பிறகு நோய் ஏறி எல்லாம் மூடினது. இந்த வருடம் கொஞ்சம் புத்தியாகச் செய்தார்கள்: ஏப்ரல் 12 இல் வெளியில் மட்டும், மே 17 இல்தான் உள்ளே, யூலை 19 இல் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். இப்போது நாளுக்கு 40 ஆயிரத்துக்கு மேல் தொற்று, ஆனால் ஊசியால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முந்தின அலையைப் போல இல்லை.

நான் காபனீரொட்சைட்டு அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வெளிக் காற்றில் பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவில் காட்டும். 800 க்கு மேல் போனால் அங்கே மற்றவர்களின் மூச்சு தேங்குகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வேலைத்தள நண்பர்களோடு ஒரு வெள்ளிக்கிழமை பப்புக்குள் போனேன், அரை மணித்தியாலத்தில் 1900 காட்டியது, எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டேன். குளிரில் நடுங்கினாலும் தோட்டத்தில்தான் இருக்கிறேன். இங்கே கார்த்திகை, மார்கழியில் வெளியில் இருப்பது தண்டனை. உங்களுக்கு வருடம் முழுக்க வேப்பமரம் இருக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.

திருநெல்வேலி மாணவி
ஒக்டோபர் 18, காலை 10.05

எங்கள் வயதில் பிரச்சினை வேறு மாதிரி. தேத்தண்ணிக் கடையில் பெண் பிள்ளைகள் போய் இருந்து கதைக்கிற பழக்கம் இங்கே இல்லை, வாங்கு முழுக்க ஆண்கள்தான். எங்களுக்குக் கிடைத்த இடம் கஃபே. அது கண்ணாடிக் கதவு, ஏசி, யன்னல் திறக்க முடியாத இடம். ஒன்றரை வருடம் சூமில் படித்து, ஒருவரை ஒருவர் காணாமல் இருந்து, ஒக்டோபர் 3 ஆம் திகதி ஆறு பேர் நகரத்தில் ஒரு கஃபேக்குப் போனோம். வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், பெயர் எழுதினார்கள், கைக்கு மருந்து அடித்தார்கள். உள்ளே ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திவிட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தோம். நாலாம் நாள் ஒருத்திக்கு மணம் தெரியவில்லை, அன்ரிஜன் செய்தால் பொசிற்றிவ், பிறகு இன்னும் இரண்டு பேருக்கு. எனக்கு வரவில்லை, நான் கதவோரம் இருந்தேன், அதனாலா என்று தெரியாது. எல்லோரும் சுகமாகிவிட்டார்கள், ஆனால் ஒருத்தியின் அம்மம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்.

அதற்குப் பிறகு நாங்கள் ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டு வெளியில் போய் மதகில் இருந்து சாப்பிடுகிறோம். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

வடமராட்சிக் காற்று
ஒக்டோபர் 18, பிற்பகல் 12.40

அம்மம்மா சுகமாகி வர வேண்டும் தங்கச்சி. நான் முதலில் எழுதினதில் அவசரம் இருந்தது. போக விடுங்கள் என்பதை மாற்றவில்லை, ஆனால் உள்ளே வேண்டாம். அண்ணை, கடைக்காரரிடம் வாங்கை வெளியில் போடச் சொல்லிக் கேட்கலாமே? திருநெல்வேலியில் செய்ய முடிந்தால் கொக்குவிலில் ஏன் முடியாது?

கொக்குவில் மகன்
ஒக்டோபர் 18, இரவு 9.15

நாளைக்குக் கடைக்காரரோடு கதைக்கிறேன். முதலில் அப்பாவோடு.

கொக்குவில் மகன்
நவம்பர் 7, இரவு 7.30

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள், சொல்ல நிறைய இருக்கிறது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் வைத்தேன். சுருட்டுக் கதை, குவாங்சோ, தாதி அக்கா எழுதிய அந்தத் தகப்பனின் வார்த்தை, ஓய்வூதியர் ஐயா எழுதினதையும் வாசித்துக் காட்டினேன். அந்தக் காணி உறுதி வசனம் வந்ததும் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அம்மாவைக் கேள்" என்றார். அம்மா குசினிக்குள் இருந்தே சொன்னா, "வெளியில் இருக்கிறதென்றால் போகட்டும், உள்ளே காலை வைத்தாரென்று கேள்விப்பட்டால் பிறகு இந்த வீட்டில் தேத்தண்ணி இல்லை."

கடைக்காரர் முதலில் தயங்கினார். வீதியோரம் வாங்கு போட்டால் பிரச்சினை வருமோ என்ற பயம். பிறகு மூன்று வாங்கை எடுத்து மரத்தைச் சுற்றிப் போட்டார், பேப்பரை மரத்தில் ஒரு கம்பி அடித்துக் கொழுவிவிட்டார். அதுதான் பெரிய வேலை செய்தது, பேப்பர் வெளியில் வந்தவுடன் ஆட்கள் தானாக வெளியில் வந்துவிட்டார்கள்.

ஒக்டோபர் 25 திங்கட்கிழமை அப்பா போனார். முதல் நாள் நானும் கூடப் போய் வீதிக்கு மற்றப் பக்கம் மோட்டார் சைக்கிளில் இருந்தேன். வீட்டிலிருந்து தன் வெண்கலப் பேணியைக் கொண்டுபோனார். கடைக்காரர் அந்தப் பேணியை வாங்கி, கொதிதண்ணி ஊற்றிச் சுழற்றி வெளியே வீசிவிட்டு, தேயிலை வடியைத் தூக்கிப் பிடித்து சாயத்தை ஊற்றி ஆற்றினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். மூன்றாவது வாங்கின் தொங்கலில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அது ஓகஸ்டில் போன அவருடைய கூட்டாளியின் இடம் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த மனிதர் உள்ளே சுவரோரம்தான் இருப்பவராம், இந்த வாங்கில் ஒரு நாளும் இருந்ததில்லை, இருந்தும் நாலு பேரும் சேர்ந்து அந்த இடத்தை விட்டுத்தான் இருந்தார்கள். அரை மணித்தியாலம் அவரைப் பற்றியே கதைத்தார்கள். அப்பா அழுதார். எல்லோரும் பார்க்கத்தான் அழுதார், ஒருவரும் தடுக்கவில்லை.

இப்போது தினமும் போகிறார். ஆறு மணியில் இருந்து ஏழு மணி வரை, அது அவர் தானே போட்ட கணக்கு. குடிக்கும்போது மட்டும் மாஸ்க் இறங்கும். வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் அம்மாவுக்குப் பக்கத்தில் போவார். முந்தாநாள் மகளுக்கு இருமல் என்றவுடன் தானாகவே இரண்டு நாள் போகவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அவளுக்குச் சுகம், இன்று திரும்பப் போனார். மூன்றாவது ஊசி இந்த மாதம் முதலாம் திகதியில் இருந்து சுகாதார ஆட்களுக்குத் தொடங்கிவிட்டது, வயதானவர்களுக்கு அறிவித்த அன்றே கூட்டிக்கொண்டு போவேன்.

இனி வந்திருக்கிற பிரச்சினை மாரி. வேப்பமரம் வெயிலுக்குச் சரி, மழைக்கு நிற்காது. இன்று விடியத் தூறினபோது எல்லோரும் எழும்பி உள்ளே போகப் பார்த்திருக்கிறார்கள், அப்பா மட்டும் பேணியைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்து வீட்டுக்கு வந்தார். கடைக்காரரிடம் கதைத்திருக்கிறேன், முன்பக்கம் பத்தடிக்குத் தகரத்தில் ஒரு தாழ்வாரம் இறக்கலாம், மூன்று பக்கமும் திறந்தபடி, செலவில் பாதி நாங்கள் நாலு வீட்டுக்காரரும் போடுவதென்று. தகரம் இப்போது விற்கிற விலையில் கிடுகு சரிவருமா என்றும் பார்க்கிறோம். கோண்டாவில், கொக்குவில் பக்கம் இந்த வேலை செய்கிற நல்ல மேசன் ஒருவர் தெரிந்தால் சொல்லுங்கள், இந்தக் கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

பனங்கூடல்
நவம்பர் 7, இரவு 8.05

கிடுகு நான் பார்த்துத் தருகிறேன் அண்ணை. பெரியப்பாவுக்குப் பனங்கள்ளுப் பருவம் தை மாதத்துக்குப் பிறகுதான், இப்போது கை ஓய்வாக இருக்கிறது. எத்தனை அடி அகலம் என்று மட்டும் சொல்லுங்கள்.